கிட்னி பூனை எடுக்கிற எல்லா வாந்திக்கும் கிட்னி மட்டும் காரணம் இல்ல

எங்க வீட்டு வயசான பூனை பேரு 'குட்டி', அவளுக்கு கிட்னி கேசுன்னு தெரிஞ்சதுல இருந்து எல்லாரும் எங்கிட்ட சொன்ன ஒரே வசனம், "கிட்னி பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும், என்ன பண்றது". பக்கத்து வீட்டு அண்ணி சொன்னாங்க, பூனைத் தீனி விக்கிற கடைக்காரர் சொன்னாரு, மொத மொத பாத்த டாக்டரும் கிட்டத்தட்ட அதத்தான் சொன்னாரு. ஒரு வருசத்துக்கு மேல இதோட மல்லுக்கட்டிட்டு சொல்றேன், அது பாதிதான் உண்மை. பூனை ஒண்ணு, நோய் ஒண்ணு, ஆனா இந்த மாசம் எடுத்த வாந்திக்கு ஒரு காரணம், அடுத்த மாசம் எடுத்ததுக்கு வேற காரணம், வைத்தியமும் வேற. இத யாராவது ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா எனக்கு பாதி காசும் நெறைய தூக்கமும் மிச்சமாயிருக்கும். அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

நான் இருக்கிறது மலேசியாவுல சுங்கை சிப்புட். சுத்தி தோட்டம், முன்ன ரப்பர், இப்ப பெரும்பாலும் செம்பனை. ஸ்கேன், முழு ரத்த டெஸ்ட், ராத்திரி வார்டு இதெல்லாம் வேணும்னா நான் ஈப்போவுக்குத்தான் ஓடணும், பழைய ரோட்டுல லோரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டா அரை மணி நேரம் முக்கா மணி நேரம் ஆயிடும். பிள்ளைங்க சிங்கப்பூர்ல, வீட்ல நானும் குட்டியும்தான். பேருதான் குட்டி, வயசு 14. தோட்டத்து லயத்து வீட்ட காலி பண்ணிட்டு தாமானுக்கு (வீடமைப்புக் குடியிருப்புக்கு) வந்தப்ப சாமான் ஏத்துன லோரியிலயே ஏறி வந்தவ.

ஆரம்பத்துல வாந்தி இல்ல, தண்ணிதான். அவளோட கிண்ணத்துல இருக்கிறது பத்தாம பாத்ரூம் தொட்டி விளிம்புல ஏறி நின்னு குடிச்சா, மணல் பெட்டியில மூத்திரக் கட்டி பெருசு பெருசா விழுந்திச்சி. வெயிலுக்கு குடிக்கிறான்னுதான் யாரும் நெனைப்பாங்க. கிட்னி கெட ஆரம்பிச்சா மூத்திரத்த கெட்டியாக்குற சக்தி மொதல்ல போயிடுமாம், தண்ணி மாதிரி நெறைய போகும், போனத ஈடு கட்டத்தான் அது குடிச்சிக்கிட்டே இருக்கும். அப்புறம் எடை எறங்கிச்சி, தூக்கினா முதுகெலும்பு கையில தட்டுப்பட்டிச்சி. அதுக்கப்புறம்தான் வாந்தி, அதுவும் மொதல்ல வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் தெனம், கடைசியில தண்ணி குடிச்சா தண்ணியே வெளிய வந்திச்சி.

அண்ணிக்கு எலி மருந்து மேலதான் சந்தேகம், "தோட்டத்துல வச்சிருப்பானுங்க, தின்னுட்டு சுத்துன எலிய இது புடிச்சி தின்னிருக்கும்"னு அடிச்சி சொன்னாங்க. நம்ம ஊருக்கு நியாயமான சந்தேகம்தான். ஆனா செம்பனைத் தோட்டத்துல மெழுகுக் கட்டியா போடற மருந்து பெரும்பாலும் ரத்தத்த உறைய விடாத ரகம், அதுல ஈறு வெளுத்துப் போகும், மூக்குலயோ மூத்திரத்துலயோ ரத்தம் வரும், மூச்சு வாங்கும். குட்டிக்கு அதெல்லாம் இல்ல, வாய்லதான் ஒரு நாத்தம், மூத்திர வாடை கலந்த மாதிரி. வயசான பூனைக்கு அந்த வாடையும் வாந்தியும் சேந்து வந்தா தள்ளிப் போடாதீங்க, ரத்தம் எடுத்துப் பாத்துடுங்க.

மொத கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க, கிரியேட்டினின் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய ஒரு அழுக்கு) 560. டாக்டர் பேப்பர பாத்துட்டு "கூசிங் டா துவா, காசிஹான்"னாரு, பூனைக்கு வயசாயிடிச்சி, பாவம்னு அர்த்தம், ஸ்டேஜ் 4, ஊசி போட்டு தூங்க வச்சிடறது அதுக்கு நல்லதுன்னாரு. மோசமான மனுசன் இல்ல, தன்மையாத்தான் சொன்னாரு. நான் கூண்டத் தூக்கிக்கிட்டு வந்து காருக்குள்ள உக்காந்து அழுதேன், அழுது முடிச்சதும் கோவம் வந்திச்சி, அந்தக் கோவத்துல இன்னொரு கிளினிக்குக்கு போன் போட்டேன். அங்க இருந்த டாக்டர் பொண்ணு சொன்னது, "ஆன்ட்டி, இது ஒடம்புல தண்ணியே இல்லாம காஞ்சி கெடக்கு, இப்ப எடுத்த நம்பர வச்சி ஸ்டேஜ் சொல்ல முடியாது, மொதல்ல டிரிப் போட்டு பாப்போம்". வார்டுல வச்சி டிரிப் ஏத்தி வாந்தி நிறுத்துற ஊசி போட்டு திரும்ப ரத்தம் எடுத்தா 290. வாந்தி எடுக்க எடுக்க ஒடம்பு காயுது, காய காய கிட்னிக்கு ரத்தம் கொறையுது, அழுக்கு ஏறுது, அதனால இன்னும் வாந்தி, இப்படி ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே போயிருக்கு.

உலகம் பூரா டாக்டருங்க பாக்குற ஐரிஸ் அளவு ஒண்ணு இருக்கு, நம்ம நாட்டு ரிப்போர்ட்டுல வர்ற மைக்ரோமோல் கணக்குல கிரியேட்டினின் 140க்கு கீழ ஸ்டேஜ் 1, 140ல இருந்து 250 வரைக்கும் 2, 251ல இருந்து 440 வரைக்கும் 3, அதுக்கு மேல 4. அந்த அளவ வகுத்தவங்களே, பூனை ஒடம்பு காயாம ஒரு நெலைக்கு வந்தப்புறம்தான் ஸ்டேஜ் முடிவு பண்ணணும்னு சொல்றாங்க. குட்டி ஸ்டேஜ் 3. ஸ்டேஜ் 3ன்னா சந்தோசப்படற விசயம் இல்லதான், ஆனா எனக்கு அன்னைக்கு அது தீவாளி. வார்டு, டிரிப், ரத்தம் எல்லாம் சேத்து 1,100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போச்சு. சம்பளம் 2,000கூட முழுசா வராத ஆளுக்கு அது என்னன்னு தெரிஞ்சிக்குங்க. வேலை எடத்துல ஒருத்தர் "பூனைக்கா இவ்ளோ காசு, புதுசா பத்து பூனை வளக்கலாம்"னு சிரிச்சாரு. அவருக்கு பதில் சொல்லல.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் நல்லா இருந்தா, அப்புறம் திரும்ப ஆரம்பிச்சா, ஆனா இந்தத் தடவ ரகம் வேற. விடியக்காலையில மஞ்சள் தண்ணியோ வெள்ளை நுரையோ மட்டும், சாப்பாட்டுத் துணுக்கே இல்ல. நான் அஞ்சு மணிக்கு வேலைக்கு எழும்பறப்ப சோபா ஓரத்துல கெடக்கும். டாக்டர் விளக்கினத என் பாசையில சொல்றேன். கிட்னி வெளிய தள்ள வேண்டிய அழுக்கு ரத்தத்துல தங்கி மூளையில வாந்திய தூண்டுற எடத்த போய் உறுத்துது, அதனால வயித்துல ஒண்ணும் இல்லாட்டியும் குமட்டும். வயித்துக்கு ஆசிட் சுரக்கச் சொல்ற ஒரு ஹார்மோன கழிக்கிறதும் கிட்னி வேலைதான், அதுவும் தேங்குது. இதுக்காக முன்ன எல்லா கிட்னி பூனைக்கும் கண்ண மூடிக்கிட்டு ஆசிட் மாத்திரை குடுப்பாங்களாம். பின்னால ஆராஞ்சி பாத்தா நாய்க்கும் மனுசனுக்கும் வர்ற மாதிரி வயித்துப் புண்ணு பூனைக்கு அவ்வளவா இல்லையாம். அதனால இப்ப குமட்டல நிறுத்துற மருந்துதான் மொதல்ல, ஆசிட் மாத்திரை தேவைப்பட்டாத்தான். நம்ம வீட்டு அலமாரியில இருக்கிற கேஸ்ட்ரிக் மாத்திரைய நாமளே ஒடச்சி குடுக்கிற வேலை வேணாம், கிட்னி கெட்ட பூனைக்கு அளவ கொறைக்க வேண்டிய மாத்திரையும் அதுல இருக்கு.

குமட்டல் இருக்குன்னு வாந்தி எடுக்காமலே கண்டுபுடிக்கலாம், இதுதான் எனக்கு ரொம்ப ஒதவுன விசயம். குட்டி தட்டு சத்தம் கேட்டா ஓடி வருவா, மூக்க வச்சி மோந்து பாப்பா, ஒதட்ட ரெண்டு தரம் நக்குவா, எச்சிய முழுங்குற 'ளக்'குனு சத்தம்கூட கேக்கும், அப்புறம் தட்டு ஓரத்துல காலால மண்ணத் தள்ளி மூடற மாதிரி தரைய பறண்டிட்டு போயிடுவா. பசி இல்லாம இல்ல, பசிக்குது ஆனா கொமட்டுது. அவளுக்கு வாந்தி நிறுத்த மாரோபிட்டன்ட் குடுத்தாங்க, வாந்தி நின்னுச்சி, சாப்பாடு ஏறல. வாந்தி நிக்கிறதும் குமட்டல் நிக்கிறதும் ஒண்ணு இல்ல, வாந்திதான் நின்னுடிச்சேன்னு விட்டுடாம டாக்டர்கிட்ட "சாப்பிட மாட்டேங்குறா"ன்னு தனியா சொல்லுங்க. அப்புறம் மிர்டாசபின்னு ஒண்ணு குடுத்தாங்க, அது பசியையும் தூண்டும், குமட்டலையும் கொறைக்கும், கிட்னி பூனைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அன்னைக்கு ராத்திரி தூங்க விடாம கத்திக்கிட்டே வீடு பூரா நடந்தா, அது மருந்து வேலைதானாம், அளவு கொறைச்சதும் சரியாச்சி. வெறும் வயித்து நுரைக்கு, படுக்கப் போறப்ப ஒரு வாய், விடியக்காலையில எழும்புனதும் ஒரு வாய்னு பிரிச்சி வச்சது நல்லா வேலை செஞ்சது.

இன்னொண்ணு, கசப்பு மாத்திரை நாக்குல பட்டா பூனை வாயில நுரை நுரையா தள்ளும், பாக்க பயமா இருக்கும், அது வாந்தி இல்ல. மாத்திரைக்குப் பின்னாலயே ஊசி இல்லாத சிரிஞ்சுல கொஞ்சம் தண்ணி குடுத்தா அடங்கிடும்.

சாப்பாட்டு விசயத்துலதான் காசு வீணாச்சி. கிட்னிக்குன்னு விக்கிற ரினல் தீனி நல்லது, அதுல பாஸ்பரஸ் கொறைச்சல், கிட்னி பூனை அதத் தின்னா நாள் நீளும்னு டாக்டருங்க உறுதியா சொல்றாங்க, நானும் அத கொறை சொல்லல. ஆனா வார்டுல இருந்து வந்த அன்னைக்கே பெரிய பையா வாங்கிட்டுப் போய் வைக்கச் சொன்னாங்க, 200 வெள்ளிக்கு மேல, குட்டி அத மோந்துட்டு ஒடம்ப சிலுப்பிட்டுப் போனா, அதுக்கப்புறம் அந்தப் பையோட சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில. குமட்டல் இருக்கிற நேரத்துல புதுத் தீனிய வச்சா, பூனை அந்த வாடையையும் குமட்டலையும் முடிச்சி போட்டுக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் தொடாது. மொதல்ல குமட்டல அடக்கணும், பழைய சாப்பாட்ட நல்லா சாப்பிடணும், அதுக்கப்புறம் பழசுல கொஞ்சம் கொஞ்சமா புதுச கலந்து வாரக்கணக்குல மாத்தணும். அது வரைக்கும் அவிச்ச ஈக்கான் கெம்போங் மீன், உப்பில்லாம வெங்காயம் இல்லாம, இல்லாட்டி சாதாரண டின் தீனி, எது எறங்குதோ அது. பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கெடந்தா ஒடம்புக் கொழுப்பு ஈரல்ல போய் சேந்து ஈரலும் கெட்டுடும், அது கிட்னிய விட சீக்கிரம் ஆள சாய்ச்சிடும். அதனால சரியான சாப்பாட்ட பட்டினி போட்டு தின்ன வைக்கிறது பூனைகிட்ட நடக்காது. அந்தப் பைய கடைசியில வேற ஒரு கிட்னி பூனை வச்சிருக்கிற வீட்டுக்கு குடுத்துட்டேன்.

இப்ப சொல்லப் போறதுதான் யாருமே எனக்கு சொல்லாதது. மாத்திரை ஓடுது, காலை வாய் வைக்கிறேன், எடை கொஞ்சம் ஏறுது, ஆனா நடு ராத்திரியில திடீர்னு வாந்தி. சாப்பிட்டதும் வருது, சாப்பிடாமலும் வருது. நேரத்துல ஒரு ஒழுங்கும் இல்ல, எடத்துலதான் இருந்திச்சி. எல்லாமே மணல் பெட்டிக்கு ஒரு அடி தள்ளி. ஒரு ராத்திரி படுக்காம கைபேசி வெளிச்சத்துல உக்காந்து பாத்தேன், உள்ள போனா, மண்ண பறண்டுனா, முதுக வளைச்சி முக்குனா, கொஞ்சம் நிறுத்திட்டு திரும்ப முக்குனா, வெளிய குதிச்சி வந்து ரெண்டு எட்டு வச்சதும் வயிறு எக்கி எக்கி வாந்தி. பெட்டியில பாத்தா காஞ்சி உருண்ட ஆட்டுப் புழுக்கை மாதிரி ரெண்டே ரெண்டு.

மலச்சிக்கல். கிட்னி பூனைக்கு ஒடம்புல தண்ணி எப்பவும் பத்தாது, பத்தாததுக்கு ஒடம்பு கொடல்ல இருக்கிற தண்ணியையும் உறிஞ்சிக்கும், மலம் கல்லாயிடும். முக்கும்போது வயித்த அமுக்கி வாந்தி வரும், அடைச்சிக் கெடந்தாலே குமட்டும். எக்ஸ்ரேல கொடல் பூரா அடைஞ்சி இருந்திச்சி, ரத்தத்துல பொட்டாசியம் 2.9. அது மூணரைக்கு மேல இருக்கணும், கொறைஞ்சா தசை தளரும், கொடலும் தசைதான, அது நகராது. கழுத்த நிமித்த முடியாம தலைய தொங்கப் போட்டு நடக்கிற பூனைக்கும் இதுதான் காரணமா இருக்கும். போதாததுக்கு பாஸ்பரஸ கட்டுப்படுத்த சாப்பாட்டுல கலக்கச் சொன்ன அலுமினியம் பவுடரே மலத்த இறுக்குமாம். பொட்டாசியம் மருந்து, மலத்த இளக்குற லாக்டுலோஸ், டின் தீனியில ஒரு கரண்டி வெந்நீர் கூட, பவுடர் அளவு மாத்தம், இவ்ளோதான், பெட்டி பக்கத்து வாந்தி நின்னு போச்சி. மாசக்கணக்குல வாந்தி மாத்திரைய கூட்டிக்கிட்டே போனோம், வியாதி பின்னால இருந்திருக்கு. அதனால மணல் பெட்டிய தெனம் பாருங்க, ரெண்டு நாள் மலம் போகலன்னா சொல்லுங்க. பார்மசியில மனுசருக்கு விக்கிற பாஸ்பேட் எனிமாவ மட்டும் பூனைக்கு போட்டுடாதீங்க, உயிரே போயிடும். லாக்டுலோஸும் டாக்டர் சொன்ன அளவுதான், கூடிப் போய் கழிச்சல் ஆனா திரும்ப ஒடம்பு காயும்.

மத்த காரணங்கள வேகமா சொல்லிடறேன். வயசான பூனை நல்லா தின்னும், எளைக்கும், வாந்தியும் எடுக்கும்னா தைராய்டு கூடியிருக்கலாம், டி4னு தைராய்டு ரத்த டெஸ்ட் கேளுங்க, தைராய்டு கூடுனா கிட்னி நம்பர் உண்மைய விட நல்லாத் தெரியும், அதுவும் ஏமாத்தும். நல்லா இருந்த பூனைக்கு நம்பர் திடீர்னு ஏறிச்சின்னா மூத்திரத்துல கிருமி கிட்னிக்கு ஏறியிருக்கலாம், மூத்திரம் எடுத்து லேப்ல கிருமி வளருதான்னு பாக்கணும். கணையம் வீங்குறது, கொடல் வீக்கம், கொடல்ல புத்துநோய், இதெல்லாம் கிட்னி நோயோட கூடவே வரலாம், ஸ்கேன் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ரத்தக் கொதிப்பும் பாக்கச் சொல்லுங்க, 160க்கு மேல போனா கண்ணு திடீர்னு தெரியாமப் போற பூனைங்க உண்டு. புதுசா ஆரம்பிச்ச மருந்தே வாந்திய கெளப்பலாம், ஆன்டிபயாட்டிக், வலி மருந்து எல்லாம். பெனடோல் (பாராசிட்டமால்) ஒரு மாத்திரைகூட பூனையக் கொன்னுடும், காய்ச்சலா இருக்கேன்னு குடுத்துடாதீங்க. கல்யாண வீட்ல இருந்து வர்ற பூங்கொத்துல லில்லி இருந்தா வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க, அதோட மகரந்தத்த நக்குனாலே நல்ல கிட்னியும் போயிடும்.

ஆண் பூனை வச்சிருக்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு. எங்கூட வேலை செய்ற தம்பியோட பூனை, வாந்தி, சாப்பாடு இல்ல, ரத்தத்துல கிட்னி நம்பர் உச்சத்துல, அவன் என் கதையக் கேட்டு "அக்கா, நம்மளதும் கிட்னிதான்"னு சொல்லிக்கிட்டு இருந்தான். பெட்டிக்கு போய்ட்டு போய்ட்டு வருதாடா, மூத்திரம் வருதான்னு கேட்டேன், சொட்டு சொட்டாத்தான்னான். மூத்திரக் கொழாய் அடைப்பு. அன்னைக்கே டியூப் போட்டு எடுத்துவிட்டாங்க, நம்பர் தானா எறங்கிடிச்சி. ஒரு நாள் தள்ளியிருந்தா பூனை இல்ல.

டாக்டருக்கு நான் வாயால சொன்னத விட கோயில் காலண்டர்ல கிறுக்கி வச்சதுதான் ஒதவிச்சி. தேதிக் கட்டத்துல நேரம், என்ன நெறம், சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா, எந்த எடம், மலம் போச்சா, எந்த மருந்து புதுசு. எக்கி எக்கி வந்திச்சா, இல்ல சும்மா தலைய குனிஞ்சதும் தின்னது அப்படியே கொழாய் மாதிரி வந்திச்சான்னும் எழுதுங்க, ரெண்டாவது வாந்தியே இல்ல, தொண்டைக்குழாய் சமாச்சாரம். முடிஞ்சா கைபேசியில வீடியோ எடுங்க, இருமலையும் வாந்தின்னு நெனைக்கிறவங்க நெறைய. டாக்டர் பொண்ணு என் காலண்டர போட்டோ எடுத்து வச்சிக்கிச்சி.

இப்ப வீட்லயே தோலுக்கு அடியில டிரிப் போடறேன், கிளினிக்ல கூட நின்னு கத்துக் குடுத்தாங்க. பைய வெந்நீர் பேசின்ல போட்டு கைச்சூட்டுக்கு கொண்டு வந்து, ஜன்னல் கிரில்ல ஹேங்கர்ல மாட்டி, பிடரித் தோல கூடாரமா தூக்கி ஊசி. மொத தடவ என் கைதான் நடுங்கிச்சி, அவ மீன் துண்டப் பாத்துக்கிட்டு இருந்தா. போட்ட தண்ணி கட்டியா தொங்கி கொஞ்ச நேரத்துல முன்னங்கால் பக்கம் எறங்கும், பயப்படாதீங்க, அது தானா உறிஞ்சிடும். மூச்சு வேகமா வாங்குனா மட்டும் ஒடனே நிறுத்திட்டு போன் போடணும், இதயக் கோளாறு உள்ள பூனைக்கு தண்ணி அதிகமானா நுரையீரல்ல சேரும், அதனால அளவ நாமளா கூட்டக்கூடாது. வார்டுல விடறத விட இது ரொம்ப மலிவு.

இது வரைக்கும் எனக்கு மொத்தம் 3,000 வெள்ளிக்கிட்ட போயிருக்கும். குட்டி இப்பவும் எப்பவாவது வாந்தி எடுக்கிறா, ஆனா எது காத்திருக்கலாம் எது காத்திருக்கக் கூடாதுன்னு தெரியிது. காப்பித்தூள் நெறத்துல வந்தா அது ரத்தம், தண்ணிகூட தங்கலன்னா, ஒடம்பு சில்லுன்னு இருந்தா, வலிப்பு வந்தா, விடியற வரைக்கும் பொறுக்காம கெளம்பிடுங்க. அதுக்கு முன்னாலயே, பூனை நல்லா இருக்கிற ஒரு நாள்ல, ரெண்டு மூணு கிளினிக்குக்கு போன் போட்டு கேட்டு வச்சிக்குங்க. பொட்டாசியம் அன்னைக்கே பாக்க முடியுமா, ரத்தக் கொதிப்பு பாக்க மெசின் இருக்கா, வார்டுல ராத்திரி ஆளு இருப்பாங்களா. கடைசிக் கேள்விய வெக்கப்படாம கேளுங்க, வார்டுன்னு காசு வாங்கிட்டு ராத்திரி கதவ சாத்திட்டு எல்லாரும் வீட்டுக்குப் போற எடமும் இருக்கு, பூனையும் டிரிப்பும் மட்டும் உள்ள.